துபாஷியும் வரிசை எண்ணும்

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது புதுச்சேரியின் பழைய கதைகள். இந்த முறை கொஞ்சம் தள்ளிப் போய், கம்ப்யூட்டர் உலகத்துச் சரித்திரம் ஒன்றை எழுதுகிறேன். "உமக்கு எதுக்கு ஓய் இந்த வேலை?" என்று கடற்கரையில் காலையில் கூட நடக்கும் நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். கடைசி வரை படித்தால் ஏன் என்று தெரியும்.

சென்ற பொங்கலுக்கு மகள் வந்திருந்தாள். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. போகி அன்று இரவு பதினொரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கூடத்தில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாப்பா, பண்டிகை நாளிலுமா?"

"வெர்ஷன் மாத்துறோம்ப்பா. ஹைபர்நேட் அஞ்சுலேருந்து ஆறுக்குப் போறோம்."

"புதுசு வந்தா எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"கடைசி எண் மாறினா அப்படிச் செய்யலாம்ப்பா. முதல் எண் மாறினா பழசு சிலது ஓடாதுன்னு அர்த்தம்."

ஹைபர்நேட் என்ற பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 'இபெர்னே' என்றால் கரடி, ஆமை போன்றவை குளிர்காலம் முழுக்க உறங்குவது. உறங்குகிற ஒன்றுக்காக இவள் ஏன் விழித்திருக்கிறாள்? அன்று தொடங்கிய பேச்சு கரிநாள் வரை போயிற்று. அவள் ஊருக்குப் போன பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன்.

ஹைபர்நேட் என்ன செய்கிறது என்பதை நம் ஊர்க்காரருக்கு ஒரே சொல்லில் விளக்கலாம். அது ஒரு துபாஷி. துய்ப்ளேக்ஸ் காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை செய்த வேலை. ஒரு பக்கம் பேசுவது மறுபக்கத்துக்குப் புரியாது. நடுவில் இருப்பவர் இரண்டும் அறிந்தவர்.

இங்கே ஒரு பக்கம் இருப்பது தரவுத்தளம். அதை நம் ஆபீஸ் பதிவேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோடு கிழித்த பக்கங்கள், ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு பத்திக்கு ஒரு விவரம். மறுபக்கம் இருப்பது நிரல் எழுதுபவர். அவர் மனத்தில் இருப்பது கோப்புக் கட்டு. ஒரு ஆளின் கோப்பைப் பிரித்தால் மனு, அதற்குள் குடும்ப விவரம், அதற்குள் பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று ஒன்றுக்குள் ஒன்று இருக்கும். கட்டைப் பிரித்து வரிவரியாகப் பதிவேட்டில் ஏற்றவும், கேட்கும்போது வரிகளைச் சேர்த்து மறுபடி கட்டாக்கித் தரவும் ஒரு எழுத்தர் வேண்டும். அந்த எழுத்தர்தான் ஹைபர்நேட்.

பதிவேட்டுப் பக்கத்தின் சரித்திரம் 1970-ல் தொடங்குகிறது. எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்தவர், அமெரிக்காவில் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை கம்ப்யூட்டரில் ஒரு விவரம் வேண்டுமென்றால், அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்து, வழி பிடித்துப் போய் எடுக்க வேண்டும். காட் சொன்னது: எல்லாவற்றையும் அட்டவணைகளாக வையுங்கள்; என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்; எங்கே இருக்கிறது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். இதற்காக 1981-ல் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது.

அப்படிக் கேட்பதற்கு ஒரு மொழி வேண்டும். அதே ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் ஒன்றை அமைத்து 'சீக்வெல்' என்று பெயர் வைத்தார்கள். ஹாக்கர் சிட்லி என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனிக்கு அந்தப் பெயரில் ஏற்கெனவே உரிமை இருந்தது. எனவே உயிரெழுத்துகளை எடுத்துவிட்டு 'எஸ்க்யூஎல்' ஆக்கினார்கள். வேலை அதேதான், பெயர் மட்டும் போயிற்று. இந்தச் சரித்திரத்தில் இது முதல் பெயர் மாற்றம். இன்னும் இரண்டு வருகின்றன.

மறுபக்கத்துக்கு வருவோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் ஒரு நிரல் மொழியைச் செய்தார்கள். அவருடைய அறைக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதற்கும் வேறு கம்பெனி ஒன்று உரிமையாளர். 1995-ல் வெளியிடும்போது பெயர் 'ஜாவா' ஆயிற்று. காப்பிக்குப் பேர்போன தீவின் பெயர். வங்கி, காப்பீடு, அரசுத் துறை என்று பெரிய வேலைகளெல்லாம் ஜாவாவில் எழுதப்பட்டன. ஜாவாக்காரர் பேசுவது கோப்புக் கட்டு பாஷை, தரவுத்தளம் பேசுவது அட்டவணை பாஷை. நடுவில் ஆள் தேவைப்பட்டது.

அப்படி வந்த ஏற்பாடு ஒன்றின் பெயர் எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ், 1998. ஒரு சின்ன மனுவுக்கு மூன்று நகல், நான்கு கையெழுத்து, ஐந்து முத்திரை கேட்கும் ஆபீஸ் போன்றது அது என்று மகள் சொன்னாள். 2001-ல் ஆஸ்திரேலியாவில் கேவின் கிங் என்ற இளைஞர் இதில் சலித்துப்போய், கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து எளிய துபாஷி ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் ஹைபர்நேட். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. திறந்த மூலம் என்கிறார்கள்.

பயன்படுத்தியவர்களே பிழை கண்டுபிடித்துச் சொன்னார்கள், சிலர் திருத்தியும் அனுப்பினார்கள். 2003-ல் ஜேபாஸ் என்ற நிறுவனம் இதன் முக்கியமான ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. 2006-ல் ஜேபாஸை ரெட் ஹாட் வாங்கியது. அதே 2006 மே மாதம் ஜாவா உலகம் துபாஷிகளுக்கென்று ஒரு பொது விதிமுறையை வெளியிட்டது. அதன் பெயர் ஜாவா பெர்சிஸ்டென்ஸ். அதை வகுத்த குழுவில் கேவின் கிங்கும் இருந்தார். அவர்களுடைய ஏற்பாடு பிடிக்காமல் தனியாகக் கடை போட்டவரை ஐந்தே வருடத்தில் சட்டம் எழுத அழைத்துவிட்டார்கள்.

இனி மூன்றாவது பெயர் மாற்றம். மகளைத் தூங்கவிடாமல் செய்தவற்றில் பாதி இதுதான்.

2010 ஜனவரியில் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. ஜாவா என்ற பெயரின் உரிமையும் கூடவே போயிற்று. 2017-ல், பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா விதிமுறைகள் அனைத்தையும் எக்ளிப்ஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்புக்குக் கொடுப்பதாக ஆரக்கிள் அறிவித்தது. வீட்டைக் கொடுத்தார்கள், வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கொடுக்கவில்லை. 2018-ல் வாக்கெடுப்பு நடத்திப் புதுப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள்: ஜகார்த்தா. ஜாவா தீவில் இருக்கும் நகரம். ஜாவா என்று சொல்லாமலே ஜாவாவை நினைவூட்டும் பெயர். அந்த நகரமே டச்சுக்காரர் காலத்தில் பட்டாவியாவாக இருந்து 1942-ல் பெயர் மாறியதுதான்.

சிக்கல் அதோடு முடியவில்லை. நிரலுக்குள் ஒவ்வொரு கருவியையும் கூப்பிடும்போது முன்னால் குடும்பப் பெயர் மாதிரி 'ஜாவாக்ஸ்' என்று எழுத வேண்டும். 2019 மே மாதம் முடிவு தெரிந்தது. ஜாவாக்ஸ் என்ற பெயரில் இருப்பவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் வேறு பெயர் வைக்க வேண்டும். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைத்துத் தந்துவிட்டு, இனிமேல் பிரிக்கவோ ஒட்டுப் போடவோ கூடாது என்பது போல. 2020 டிசம்பரில் ஜகார்த்தாவின் 9-ஆம் பதிப்பு வந்தது. அதில் ஜாவாக்ஸ் என்று இருந்த இடமெல்லாம் ஜகார்த்தா. 2022 மார்ச் 31 அன்று வெளியான ஹைபர்நேட் 6.0 இந்தப் புதுப் பெயரை ஏற்றுக்கொண்டது. அன்று முதல், ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும் ஒவ்வொருவரும் தங்கள் நிரலைத் திறந்து பெயர் மாற்றியாக வேண்டும்.

"ஒரேயடியா தேடி மாத்திட முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாதுப்பா. ஜாவாக்ஸ் டாட் எஸ்க்யூஎல்னு ஒன்னு இருக்கு. அது ஜாவாவோட அடிப்படையைச் சேர்ந்தது. ஆரக்கிள் கொடுத்த பட்டியல்ல இல்ல. அதனால அது பழைய பேர்லயே இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு மாத்தினா உடைஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினோரு வயது. நான் ஆபீசில் சேர்வதற்குள் தோசியே ஃபைல் ஆகியிருந்தது, அர்ரெத்தே ஆர்டர் ஆகியிருந்தது, மேரி முனிசிபாலிட்டி ஆகியிருந்தது. ஆனால் போலீசார் தலையில் சிவப்புக் கெப்பி அப்படியே இருந்தது. துய்மா வீதி துய்மா வீதியாகவே இருந்தது. எது மாறும், எது மாறாது என்பதற்கு விதி ஒன்றும் கிடையாது. பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் மாற்றம் சலிப்பான வேலைதான், ஆனால் ஆபத்து இல்லை. ஒரு இடத்தில் மறந்துவிட்டால் நிரல் ஓடாமல் நின்றுவிடும், எங்கே தப்பு என்று வரி எண்ணோடு சொல்லும். எனக்கும் அப்படித்தான். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கில ஆபீசில் சேர்ந்தவன் நான். 'புட் அப் ஃபார் பெரூசல்' என்பதன் அர்த்தம் தெரியாமல் விழித்தால் ஹெட் கிளார்க் அங்கேயே திருத்திவிடுவார். சத்தம் போடுகிற தப்பு உடனே சரியாகிவிடும்.

ஆறாம் பதிப்பில் வேறு மாற்றங்களும் உண்டு. கேள்வி கேட்கும் பழைய முறை ஒன்றை, ஐந்தாம் பதிப்பு நடப்பில் இருந்தபோதே "இது போகப் போகிறது" என்று எச்சரித்து, ஆறில் எடுத்துவிட்டார்கள். தரவுத்தளம் தரும் பதிலை முன்பெல்லாம் பத்தியின் பெயரைச் சொல்லி எடுப்பார்கள். இப்போது முதல் பத்தி, இரண்டாம் பத்தி என்று வரிசைப்படி எடுக்கிறார்கள். வேகம் கூடுகிறதாம். இவற்றையெல்லாம் தலையாட்டிக் கேட்டேன். அடுத்து அவள் சொன்னதில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் வேண்டும். எழுதுபவர் தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், ஐந்தாம் பதிப்பு எல்லா அட்டவணைகளுக்கும் பொதுவாக ஒரே தொடர் எண் வரிசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக வாங்கிக் கொடுக்கும். ஆறாம் பதிப்பு அட்டவணைக்கு ஒரு தனி வரிசை என்று ஆக்கிவிட்டது. அதோடு, தடவைக்கு ஐம்பது எண்களை மொத்தமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு செலவழிக்கும். நடுவில் நிரலை நிறுத்தினால் மடியில் மீந்த எண்கள் போனது போனதுதான். பதிவேட்டில் எண் விட்டுப்போனால் எங்கள் தணிக்கைக்காரர் விடுவாரா என்று நினைத்துக்கொண்டேன். அது கிடக்கட்டும்.

"அந்தப் புது வரிசை எதுலேருந்து ஆரம்பிக்கும் பாப்பா?"

"புதுசா உண்டாக்கினா ஒன்னுலேருந்து."

"அட்டவணைல ஏற்கெனவே ஒன்னு, ரெண்டுன்னு ஆளுங்க இருப்பாங்களே?"

"அதைத்தான்ப்பா ரெண்டு நாளா பார்த்துட்டு இருக்கேன். காலி அட்டவணைல சோதிச்சப்ப எல்லாம் பாஸ் ஆயிடுச்சு. பழைய கணக்கோட நகலை ஏத்திப் பார்த்தப்பதான் மோதுச்சு."

அதற்கு மேல் நான் பேசவில்லை. மறுநாள் மாட்டுப் பொங்கல் அன்று, ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம். நான் அப்போது இருந்த ஆபீசில் வருகிற மனுவுக்கெல்லாம் ஒரே தபால் பதிவேடு, ஒரே தொடர் எண். புதிதாக வந்த அதிகாரி, பிரிவுக்கு ஒரு பதிவேடு வையுங்கள் என்றார். நல்ல யோசனைதான். ஆகஸ்ட் மாதம் என் பிரிவுக்குப் புது நோட்டு வாங்கி, கோடு கிழித்து, பிள்ளையார் சுழி போட்டு, அடியில் 1 என்று எழுதினேன். ஜனவரியிலிருந்து பழைய பதிவேட்டில் எண் வாங்கிய என் பிரிவுக் கோப்புகளும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை. எண்ணோடு பிரிவின் எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள். ஒன்று பாகூர் பக்கத்து விதவை அம்மா ஒருவரின் உதவித்தொகை மனு. மற்றொன்று வேறு ஒருவரின் மனு, தள்ளுபடியானது. தள்ளுபடிக் காகிதம் அந்த அம்மாவின் கோப்பில் ஏறிவிட்டது. அவருக்கு வந்த அனுமதி உத்தரவு மற்ற கோப்புக்குள் போய்த் தூங்கியது. அந்த அம்மா மூன்று முறை பஸ் பிடித்து வந்தார். மூன்று முறையும் கவுண்டரில் இருந்தவன் நான். கோப்பைப் பிரித்துப் பார்த்து, "உங்க பேப்பர் தள்ளுபடி ஆயிடுச்சும்மா" என்று மூன்று முறையும் நானே சொன்னேன். எண் சரியாக இருந்தது. எண் சரியாக இருந்ததால் உள்ளே இருந்த பெயரை நான் படிக்கவில்லை.

மார்ச்சில் ஹெட் கிளார்க் வேறு எதையோ தேடும்போது கண்டுபிடித்தார். என்னைத் திட்டவில்லை. எல்லாக் கோப்புகளையும் இறக்கி, சிவப்பு மையில் பிரிவு எழுத்தைப் போட வைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த அம்மாவுக்குப் பாக்கியோடு பணம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, நான்தான் முயற்சி எடுத்து வாங்கிக் கொடுத்தேன் என்று நினைத்து, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்களோடதுல அப்படி ஆகாதுப்பா" என்றாள். "ஒரே அட்டவணைல ஒரே எண்ணை ரெண்டு பேருக்குக் கொடுக்க தரவுத்தளம் விடாது. முகத்துல அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பிடும். வேலை நிக்கும், ஆனா ஆள் மாறாது."

அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. காட் வகுத்துத் தந்த பதிவேட்டில் அந்தக் காவல் இருக்கிறது; என் நோட்டில் இல்லை. ஆனாலும் வேலை நிற்பது சின்ன விஷயமா என்ன? கவுண்டருக்கு எதிரே அப்போதும் யாரோ ஒருவர் பஸ் பிடித்து வந்து நின்றுகொண்டுதான் இருப்பார். அவர்களுடைய மென்பொருள் கடன் சங்கங்களுக்குக் கணக்கு வைப்பது. நகைக்கடன் வாங்க வந்தவரிடம் "சிஸ்டம் எடுக்கலை, நாளைக்கு வாங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஐந்திலேயே இருந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பழைய பதிப்பை அதை எழுதியவர்கள் கொஞ்ச நாளில் கவனிப்பதை நிறுத்திவிடுவார்கள். திருடன் நுழைய ஓட்டை ஒன்று தெரியவந்தால் அடைத்துக் கொடுக்க ஆள் இருக்காது. நம்மிடம் காசு வாங்காமல் கொடுப்பவர்களிடம், பழையதையும் என்றென்றைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் முடியாது. அவர்கள் தங்கள் பங்குக்கு, எதெது மாறியிருக்கிறது என்று நீளமாக எழுதிக் கூடவே வெளியிடுகிறார்கள். வரிசை எண் மாற்றமும் அதில் இருக்கிறது. பெயர் மாற்றத்தைப் படிக்காவிட்டாலும் நிரலே சொல்லிவிடும். இதைப் படித்தால்தான் தெரியும். எங்கள் அதிகாரி போட்ட சுற்றறிக்கையை நான் இரண்டாம் தடவை படித்திருந்தால், பழைய எண்களை என்ன செய்வது என்ற கேள்வியாவது எனக்கு வந்திருக்கும்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அவர்கள் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு அட்டவணையிலும் கடைசி எண் என்ன என்று பார்த்து, புது வரிசையை அதற்கு மேலே தொடங்கி வைத்தார்களாம். திங்கட்கிழமை மாலை போன் செய்தாள். "ஒன்னும் நடக்கலப்பா" என்றாள். முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்தவனுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது.

2025 மே மாதம் ஹைபர்நேட் 7.0 வெளியாகிவிட்டது. கட்டை முதன்முதலாகப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு இத்தனை வருடமாக இருந்த 'சேவ்' என்ற பழைய கட்டளையே அதில் இல்லையாம். பொது விதிமுறையில் உள்ள 'பெர்சிஸ்ட்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். எப்போது போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள். போகும்போது அந்த மாற்றப் பட்டியலை எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். புரிகிற வரைக்கும் படிக்கிறேன்.